குடும்ப மருத்துவத் துறையில் ஆசிரியராகக் கடைசிவரை நீடிக்க முடியுமா?

கேள்வி: மாலைப்பிரிவு மருத்துவர்

குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்து, அதே துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது. பாடம் நடத்தப் பிடிக்கிறது. நோயாளிகளைப் பார்ப்பது அதைவிடப் பிடிக்கிறது. சர்க்கரை நோய்க்காக வரத் தொடங்கிய ஒருவர் இப்போது மனைவியையும் தாயாரையும் அழைத்து வருகிறார். அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன என்று சீட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை இந்த வேலையையே செய்ய வேண்டும் என்று ஆசை.

ஆனால் நாள் போதவில்லை. காலையிலிருந்து பிற்பகல்வரை புறநோயாளிகள் பிரிவு. பிறகு மாணவர்கள். பிறகு பயிற்சி மருத்துவர்களின் குறிப்பேடுகளைத் திருத்துவது, துறைக் கூட்டம், தேர்வு வேலை. ஆய்வு என்பது வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான். பதவி உயர்வுக்கோ ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறார்கள். இதயவியல் துறையில் இருக்கும் என் வகுப்புத் தோழருக்கு ஒரே வகை நோயாளிகள், ஒரே பதிவேடு, அதிலிருந்து கட்டுரை மேல் கட்டுரை. என்னிடம் ஒரு காலைப்பொழுதுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, கர்ப்பிணி, தூக்கமின்மை, காது அடைப்பு என்று எல்லாம் வருகிறது. இதில் எதை ஆராய்வது?

என்னோடு படித்தவர்களில் பலர் கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கிளினிக் தொடங்கிவிட்டார்கள். நான் புறநோயாளி நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஆய்வில் இறங்கலாமா? இல்லை, ஆய்வை மறந்துவிட்டு நல்ல ஆசிரியராக மட்டும் இருந்துவிடலாமா? இந்தப் பாதையில் நெடுங்காலம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய ஆசிரியை

தம்பி, புறநோயாளி நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் ஆய்வு அந்த அறைக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று நினைத்துக் குறைக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால், மருத்துவம், போதனை, ஆய்வு என்று மூன்று வேலைகள் ஒன்றோடொன்று நேரத்துக்குச் சண்டை போடுவதாகத் தெரிகிறது. மூன்றையும் மூன்றாகவே வைத்துக்கொண்டு இருபது, முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த யாரையும் நான் பார்த்ததில்லை. நீடித்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையிலிருந்து மூன்று விளைச்சலையும் எடுத்தவர்கள்.

எதை ஆராய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 1961இல் கெர் வொயிட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். வயது வந்த 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 750 பேருக்கு ஏதோ ஒரு உடல்நலக் குறைவு வருகிறது. 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது ஒரே ஒருவர். 2001இல் லாரி கிரீன் குழுவினர் திரும்பக் கணக்கிட்டபோதும் படம் பெரிதாக மாறவில்லை. நாம் படிக்கும் மருத்துவ அறிவில் பெரும்பங்கு அந்த ஒருவரைப் போன்றவர்களிடமிருந்து கிடைத்தது. மிச்சமுள்ள 249 பேர் உங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதப்படாதது மலையளவு இருக்கிறது.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். வயது முதிர்ந்த ஒரு அம்மா தலைசுற்றலோடு வந்தார். பயிற்சி மருத்துவர் காதைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. நான் அந்த அம்மாவின் பையைக் கேட்டேன். மருந்துகள் அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. மேசையில் கொட்டி, எது எப்போது எழுதப்பட்டது என்று சீட்டுகளைப் பார்த்து வரிசையாக அடுக்கும்படி பயிற்சி மருத்துவரிடம் சொன்னேன். முதலில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். சில வாரங்கள் கழித்துக் கணுக்கால் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவர் எழுதிய ஃப்யூரோசமைடு. அதன் பிறகு தலைசுற்றலுக்கு மூன்றாமவர் எழுதிய பீட்டாஹிஸ்டின். வீக்கம் முதல் மாத்திரையால் வந்தது; சிறு தமனிகள் விரிவதால் வரும் அந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை பெரிதாக உதவாது. நீர்ச்சத்து குறைந்து, எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கியது. உட்கார்ந்தபடியே அழுத்தம் பார்த்தால் அது எப்படித் தெரியும்? மூன்று மருத்துவர்களுமே தங்கள் அறைக்குள் சரியாகத்தான் செய்திருந்தார்கள். மூன்று சீட்டுகளையும் ஒன்றாகப் பார்க்க ஆளில்லை. அந்த ஆள் நாம்தான்.

அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். அம்மாவுக்கு இரண்டு மாத்திரைகள் குறைந்தன, ஒன்று மாறியது. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோயாக எண்ணி அடுத்த மருந்து எழுதும் சங்கிலியைப் பயிற்சி மருத்துவர் தன் கையாலேயே அடுக்கிப் பார்த்தார்; எந்த விரிவுரையும் அப்படிப் பதியாது. முதியவர்களில் எத்தனை பேரின் பையில் இப்படி ஒரு சங்கிலி இருக்கிறது என்ற கேள்வி எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு முதியவர்கள் எல்லோரையும் மருந்துப் பையோடு வரச் சொன்னோம். மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பையை அடுக்கிக் குறித்தார்கள். முதலில் அது துறைக்குள் ஒரு தணிக்கையாக இருந்தது. பிறகு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு முறையான ஆய்வானது. இன்றுவரை என் ஆய்வுகள் அந்தப் பையிலிருந்துதான் வருகின்றன.

அதனால், மேசையில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். விடை தெரியாமல் நீங்கள் தடுமாறிய ஒவ்வொரு இடத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். சில மாதங்கள் கழித்துப் புரட்டினால், ஒரே கேள்வி வேறு வேறு முகங்களோடு திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதுதான் உங்கள் பொருள். அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளை விட்டு விலகாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நார்வே நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு செய்து, 2022இல் அச்சான ஓர் ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தன. இது நடந்ததை வெறுமனே கவனித்துக் கணக்கிட்ட ஆய்வு. காரணத்தை முழுமையாக நிரூபிக்காது. ஆனாலும், நீங்கள் நீடிப்பதே அந்தக் குடும்பத்துக்கு ஒரு சிகிச்சை என்று நான் நம்புகிறேன். உங்கள் களைப்பை உங்கள் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி நேரம். புறநோயாளி நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றேனே, அது ஆய்வுக்கென்று ஒரு அரைநாள் ஒதுக்குவதற்காக. 'பாதுகாக்கப்பட்ட நேரம்' என்று வாயால் சொல்வதில் பயனில்லை. பணிப் பட்டியலில் அந்த அரைநாள் உங்கள் பெயருக்கு எதிரே நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பதிவு மேசையில் இருப்பவருக்கு அது நோயாளிகளால் நிறைந்த நேரத்தைப் போலவே தெரிய வேண்டும். காலியாகத் தெரிந்தால் யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு நோயாளியை அங்கே போட்டுவிடுவார். அந்த நேரத்தில் துறை அறையில் உட்காராதீர்கள், நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

பதில்: எண்களோடு இருப்பவன்

நான் மருத்துவன் அல்லன். நோய்ப்பரவியல், புள்ளியியல் பக்கம். குடும்ப மருத்துவத் துறைகளோடு நிறைய வேலை செய்திருக்கிறேன். ஆசிரியை அவர்கள் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஒரு விஷயத்தை மட்டும் எண்களில் காட்ட விரும்புகிறேன், ஏனென்றால் 'எங்கள் நோயாளிகள் கலவையானவர்கள், ஆய்வுக்கு ஒத்துவராது' என்று இளம் மருத்துவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்.

நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறப்பு மருத்துவரிடம் வரும் 1000 பேரில் 300 பேருக்கு அந்த நோய் இருந்தால், 270 பேருக்குச் சரியாகவும் 70 பேருக்குத் தவறாகவும் 'உண்டு' என்று வரும். அங்கே 'உண்டு' என்ற முடிவு ஐந்தில் நான்கு முறை உண்மை. அதே பரிசோதனையை உங்கள் அறைக்குக் கொண்டுவருவோம். அங்கே 1000 பேரில் 20 பேருக்குத்தான் அந்த நோய். 18 பேருக்குச் சரியாகவும் 98 பேருக்குத் தவறாகவும் 'உண்டு' என்று வரும். ஆறு பேரிடம் 'உண்டு' என்று சொன்னால் ஒருவருக்குத்தான் உண்மையில் இருக்கும். பரிசோதனை மாறவில்லை, அறை மாறியது. மருத்துவமனையில் உருவான வழிகாட்டுதலை முதல்நிலை மருத்துவத்தில் அப்படியே பயன்படுத்த முடியாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். உங்கள் நோயாளிகளின் கலவையே உங்கள் ஆய்வின் பலம்.

ஒரே பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். வேல்ஸில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் கால் நூற்றாண்டு குடும்ப மருத்துவராக இருந்தார். ஊரில் இருந்தவர்களின் ரத்த அழுத்தத்தை, நோய் என்று அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும், அளந்து பதிவு செய்தார். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் கிடைப்பது அரிது என்று 1971இல் அவர் எழுதியது இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கும் முன்பே, இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ஒரு பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராம மருத்துவர், யாருக்கு எந்தத் தொற்று எப்போது வந்தது, யாரைச் சந்தித்த பிறகு வந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். மஞ்சள் காமாலை தொற்றிய நாளிலிருந்து வெளிப்படும் நாள்வரை எவ்வளவு காலம் என்பதை அந்தக் குறிப்புகளே காட்டின. பெரிய நகர மருத்துவமனையில் இருந்திருந்தால் அவரால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே யார் யாரைச் சந்தித்தார் என்பது தெரியாது. மக்களை அறிந்திருப்பதே அவருடைய கருவி.

நடைமுறையில் ஒரு வேண்டுகோள். தரவு சேகரித்து முடித்த பிறகு புள்ளியியலாளரிடம் வராதீர்கள். கேள்வி ஒரு வரியாக இருக்கும்போதே வாருங்கள். எத்தனை பேர் வேண்டும், எதை எப்படி அளப்பது என்பதை அப்போதே தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் அன்றே எழுதிவைத்துவிடுங்கள். நட்பு நீடிக்கும்.

பதில்: அரைநாள் மருத்துவர்

மேலே சொன்ன எல்லாமே நல்ல யோசனைகள். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. கேட்டவர் பதில்களைப் படித்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தால் சரியாகிவிடும்' என்று நினைத்துவிடக் கூடாது.

நான் வேலை செய்த ஒரு துறையில் நியமன ஆணையிலேயே ஆய்வு நேரம் எழுதியிருந்தது. யாராவது விடுப்பில் போனால் அந்த நேரம்தான் முதலில் பறிபோகும். ஆண்டு முழுவதும் யாராவது விடுப்பில்தான் இருந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் குழந்தை பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. நோயாளி அழும்போது, 'இவர் எப்போது முடிப்பார்' என்று தோன்றத் தொடங்கியது. பணிச்சோர்வின் தெளிவான அடையாளம் அது: மனிதர்கள் மீது வரும் விலகல். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிகழ்வு என்று குறிப்பிடுகிறது, நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட மன அழுத்தத்திலிருந்து வருவது என்பதுதான் அதன் பொருள். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். நான் பலவீனமானவள் என்று எல்லோரும் என்னை நம்பவைத்திருந்தார்கள்.

அந்த இடத்தை விட்டேன். தனியாகக் கிளினிக் நடத்தினேன். பிறகு வேறொரு துறையில் பாதி நேர ஆசிரியையாகச் சேர்ந்தேன். இப்போது நானும் இன்னொரு மருத்துவரும் ஒரே நோயாளிக் குழுவைப் பகிர்ந்துகொள்கிறோம். நான் இல்லாத நாளில் என் நோயாளிகளை அவர் பார்ப்பார். அவர்களுக்கு இருவரையும் தெரியும். தொடர்ச்சியும் அறுபடவில்லை, என் நேரமும் பறிபோகவில்லை. இந்த ஏற்பாட்டைத் துறைத் தலைவர்தான் செய்ய முடியும். தனி ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைச் செய்துகொள்ள முடியாது.

உங்கள் துறை நீடிக்கத்தக்க இடமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கடந்த சில ஆண்டுகளில் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, எதற்காகக் கிடைத்தது என்று பாருங்கள். 1990இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர், புதிதாகக் கண்டுபிடிப்பதோடு, ஒருங்கிணைப்பது, நடைமுறையில் பயன்படுத்துவது, கற்பிப்பது ஆகியவையும் புலமைதான் என்று வாதிட்டார். அதைப் பின்பற்றிப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளையே மாற்றின. உங்கள் இடத்தில் நல்ல பாடத்திட்டம் அமைத்தவருக்கு மதிப்பு உண்டா? இல்லையென்றால், மூன்றாம் ஆண்டிலேயே வேறு துறைகளைப் பார்க்கத் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஒரு பெரிய கல்வி மருத்துவ மையத்தின் பொது மருத்துவத் துறை ஆசிரியர்களிடம் ஷானஃபெல்ட் குழுவினர் எடுத்த கணக்கு 2009இல் வந்தது. தங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ள வேலைக்கு 20 விழுக்காடாவது நேரம் கிடைத்தவர்களில் பணிச்சோர்வு 30 விழுக்காட்டுக்கு அருகில். அதற்கும் குறைவாகக் கிடைத்தவர்களில் 54 விழுக்காட்டுக்கு அருகில். வாரத்தில் ஒரு நாள். அவ்வளவுதான் கேட்கிறோம்.

கேட்டவர்: மாலைப்பிரிவு மருத்துவர்

எல்லோருக்கும் நன்றி. மேடம், மருந்துப் பை விஷயத்தை எங்கள் பயிற்சி மருத்துவர்களோடு நாளையே தொடங்கிவிடுவேன். அரைநாள் மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நோயாளி பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பது எனக்கும் வரத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கவே வந்தேன் என்று நினைக்கிறேன்.

துறைத் தலைவர் கெட்டவர் அல்லர். அவரும் புறநோயாளிகளைப் பார்க்கிறார். ஆனால் ஆள் பற்றாக்குறை. ஒரு முழுநாள் கேட்டால் சிரித்துவிடுவார். எதை, எப்படிக் கேட்பது?

பதில்: பழைய ஆசிரியை

அரைநாள் மருத்துவர் சொன்னது சரி, தம்பி. நான் சொன்ன எதுவும் மோசமான துறையைச் சரிசெய்யாது. ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் தலைவர் இருக்கிறார் என்கிறீர்களே, அது நல்ல அறிகுறி. அவருக்கு உங்கள் களைப்பு புரியும்.

முழுநாள் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு அரைநாள் கேளுங்கள், ஓராண்டுக்கு மட்டும். கூட்டம் குறைவான கிழமை எது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நேரத்தில் வரும் உங்கள் நோயாளிகள் எங்கே போவார்கள் என்பதற்கு விடையோடு போங்கள்: தொடர் சிகிச்சைக்காரர்களை வேறு நாளுக்கு மாற்றுவது, அவசரமாக வருபவர்களைச் சக மருத்துவர் பார்ப்பது, பதிலுக்கு அவருக்கு ஒரு அரைநாளை நீங்கள் விட்டுக்கொடுப்பது. சக மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அவரும் கூட வந்தால் இன்னும் நல்லது. இருவரின் நேரமும் ஒரே கோரிக்கையில் அடங்கிவிடும்.

ஆறாவது மாதத்தில் என்ன காட்டுவீர்கள் என்று எழுதுங்கள். 'கட்டுரை வெளியிடுவேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆய்விதழ் உங்கள் கையில் இல்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பயிற்சி மருத்துவர்கள் அடுக்கிய பைகளின் தணிக்கை அறிக்கை, பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு அதிலிருந்து தலைப்பு. கடைசியில் சொன்னதைத் தலைவர் உடனே பிடித்துக்கொள்வார். மாணவர்களுக்குத் தலைப்பு தேடுவது எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் ஆண்டுதோறும் வரும் தலைவலி.

இன்னொரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: ஆள் இல்லாமல் அந்த அரைநாளை எடுத்துக்கொண்டால், அதே மாதத்துக்குள் வேறொரு அரைநாள் திருப்பித் தரப்படும். இந்த வரி இல்லாத கடிதம் சில வாரங்களில் செல்லாக் காசாகிவிடும். மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அதேபோல. வாய்மொழியாகச் சரி என்று தலைவர் சொன்னாலும், 'நீங்கள் சொன்னபடி' என்று தொடங்கி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தை எழுதிப் பெயர், கல்லூரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இங்கே போடுங்கள். திருத்தித் தருகிறேன். தலைவரைப் பார்க்கப் போவதற்கு முன் புறநோயாளிப் பதிவேட்டிலிருந்து கடந்த ஆறு மாதத்துக்கான கிழமைவாரி எண்ணிக்கையை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை என்று அவர் கேட்கும்போது தாளை நீட்ட வேண்டும்.